பானை பொங்கும்போது எல்லாரும் பக்கத்தில் நிற்கணும்: வெளிநாட்டில் நண்பர்களோடு பொங்கல் வைக்கிறவர்களுக்கு

மார்கழி பாதி தாண்டியதும் எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். சித்தி மகள் அயர்லாந்தில் இருக்கிறாள், பெரியப்பா மகன் கனடாவில், கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் எங்கெங்கோ இருக்கிறார்கள், எல்லாருக்கும் ஒரே கேள்விதான். "அக்கா, இந்த வருசம் லீவு கிடைக்கல, இங்கேயே ஃப்ரெண்ட்ஸ கூப்பிட்டுப் பொங்கல் வைக்கலாம்னு இருக்கோம், நீ ஜெர்மனில எப்படி வச்ச?" ஒவ்வொருத்தருக்கும் போனில் சொல்லிச் சொல்லி, ஒருத்தருக்குச் சொன்னது இன்னொருத்தருக்கு விட்டுப்போகிறது. அதனால் எல்லாத்தையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

நான் சோழவந்தான் பக்கத்துக் கிராமம். கல்யாணம் முடிந்ததும் ஸ்டுட்கார்ட் போனோம், ஆறு பொங்கல் அங்கேதான். இப்போது மதுரைக்கே திரும்பி வந்துவிட்டோம். நான் சொல்கிறதில் கடை, சட்டம் எல்லாம் ஜெர்மனிக் கணக்கு, மற்ற நாட்டில் இருக்கிறவர்கள் அதை மட்டும் விசாரித்து மாற்றிக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் எங்கேயும் ஒன்றுதான்.

முதல் வருடம் என்ன ஆச்சு என்பதைச் சொன்னால்தான் மிச்சம் புரியும். ஊரில் அம்மா செய்வது எல்லாத்தையும் செய்துவிட வேண்டும் என்று நினைத்தேன். சர்க்கரைப் பொங்கல், வெண்பொங்கல், காய்க்குழம்பு, கூட்டு, இரண்டு பொரியல், உளுந்த வடை, பாயசம். பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டிருந்தோம். வந்தவர்கள் எல்லாரும் முன்னறையில் சோபாவில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் அடுப்படியில் வடையைத் திருப்பிக்கொண்டிருந்தேன், பக்கத்து அடுப்பில் பானை பொங்கி வழிந்து, அடங்கியும் போய்விட்டது. யாரும் பார்க்கவில்லை. பொங்கலோ பொங்கல் என்று யாரும் சொல்லவில்லை. சாப்பாடு நன்றாக இருந்தது என்று எல்லாரும் சொல்லிவிட்டுப் போனார்கள், ஆனால் அன்றைக்கு ராத்திரி அம்மாவிடம் பேசும்போது "பானை எந்தப் பக்கம் பொங்குச்சு?" என்று கேட்டாள், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த வருடத்தில் இருந்து ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம். பானை பொங்குகிற அந்த ஒரு நிமிஷம் எல்லாரும் அடுப்பைச் சுற்றி நிற்கணும். அதற்கு எது உதவுமோ அதைச் செய்வோம், எது தடையோ அதை விட்டுவிடுவோம். வடையை விட்டோம். இரண்டு பொரியலையும் விட்டோம்.

நாள் எது, நேரம் எது

பொங்கல் சில வருடம் ஜனவரி 14, சில வருடம் 15. 2025-ல் 14, 2026-ல் 15. ஊர்க் காலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் வேலை நாளாகத்தான் வரும், அங்கே அதற்கு விடுமுறை கிடையாது. லீவு போடுகிறவர்கள் போடலாம், ஆனால் நண்பர்கள் பதினைந்து பேரையும் புதன்கிழமை லீவு போடச் சொல்ல முடியாது. நாங்கள் செய்தது இதுதான்: பொங்கல் அன்றைக்குக் காலையில் வீட்டுக்கு மட்டும் ஒரு கைப்பிடி அரிசி போட்டுச் சின்னதாகப் பொங்கல் வைத்து, ஜன்னல் பக்கம் காட்டிக் கும்பிட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவோம். நண்பர்களோடு பெரிய பொங்கல் அடுத்து வரும் சனிக்கிழமை. தை பிறந்த பிறகு வருகிற சனிக்கிழமையாக இருக்கட்டும், முந்தின சனிக்கிழமை வேண்டாம், அது மார்கழி. ஞாயிற்றுக்கிழமையும் வேண்டாம் என்பேன், ஜெர்மனியில் ஞாயிறு முழுக்க அமைதி நாள், பக்கத்து வீட்டுக்காரர்கள் சத்தத்துக்கு முகம் சுளிப்பார்கள், கடையும் பூட்டியிருக்கும், கடைசி நேரத்தில் பால் வேண்டும் என்றால் கிடைக்காது.

நேரத்தைப் பொறுத்தவரை ஊர் மாதிரி விடியற்காலையில் வைக்க முடியாது. ஸ்டுட்கார்ட்டில் ஜனவரியில் எட்டு மணிக்கு மேல்தான் விடியும், சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். நண்பர்களைப் பத்தரைக்கு வரச்சொல்லிப் பன்னிரண்டரைக்குப் பானை பொங்குகிற மாதிரி வையுங்கள். அந்நேரம் சூரியன் தெற்கே தாழ்வாக நிற்கும், தெற்குப் பார்த்த ஜன்னலோ பால்கனியோ இருந்தால் நல்லது. மேகமாக இருந்தாலும் கவலைப்படாதீர்கள், ஆறு வருடத்தில் எங்களுக்கு இரண்டு வருடம்தான் வெயில் முகம் காட்டியது. நம்ம ஆட்களுக்குப் பத்தரை என்றால் பதினொன்றரை, ஜெர்மன் நண்பர்கள் பத்து இருபத்தெட்டுக்கே வாசலில் நிற்பார்கள். முதலில் வருகிறவர்களுக்கு என்ன வேலை கொடுப்பது என்பதை முந்தின நாளே யோசித்து வையுங்கள்.

ஊரில் இருந்து எதைக் கொண்டுபோவது

ஊருக்கு வந்துவிட்டுத் திரும்புகிறவர்கள், அல்லது அப்பா அம்மா வருகிறார்கள் என்றால், இதைக் கவனமாகப் படியுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நம்ம ஊரில் இருந்து பால் பொருள், இறைச்சி இரண்டும் கொண்டுபோகக் கூடாது. பால் பொருள் என்றால் நெய்யும் அதில் சேர்த்தி, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் சேர்த்தி. அம்மா ஆசையாக உருக்கிக் கொடுத்த நெய்யை விமான நிலையக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு அழுதவர்களை எனக்குத் தெரியும். காய், பழம், இலை, செடி எதுவானாலும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் இல்லாமல் போகலாம் என்று விலக்குக் கொடுத்திருப்பது அன்னாசி, தேங்காய், டுரியன், வாழைப்பழம், பேரீச்சை என்ற ஐந்துக்கு மட்டும்தான். வாழைப்பழம் போகலாம், வாழை இலை போகக் கூடாது. மஞ்சள் கொத்து, மாவிலை, வேப்பிலை, கரும்பு ஒன்றும் கூடாது. கொப்பரைத் தேங்காயை விமானத்திலேயே ஏற்ற விடமாட்டார்கள், அதில் இருக்கிற எண்ணெய்க்கு அது தானாகவே சூடாகித் தீப்பிடிக்கும் பொருள் என்ற கணக்கில் வருகிறது. ஆஸ்திரேலியா இன்னும் கண்டிப்பு, எந்தச் சாப்பாட்டுப் பொருளானாலும் எழுதிக் கொடுத்துவிடணும்.

சரி, எதைக் கொண்டுபோகலாம்? என்னைக் கேட்டால் பானையைக் கொண்டுபோங்கள். மிச்சமெல்லாம் அங்கே தேடிப்பிடித்துவிடலாம், பானை மட்டும் நம்ம ஊர்ப் பானையாக இருக்கட்டும். இரண்டு அல்லது மூன்று லிட்டர் பிடிக்கிற பித்தளைப் பானை போதும், கழுத்து ஒடுங்கினதாகப் பாருங்கள், வாய் அகன்றதில் பால் ஏறாது. கோயிலுக்கு எதிரே புதுமண்டபத்தில் இருந்த கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியிருக்கின்றன, அந்தப் பக்கம் கேட்டுப் பாருங்கள். வாங்கும்போதே உள்ளே ஈயம் (காரீயம் இல்லை, வெள்ளீயம்) பூசியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் பூசிக்கொண்டு போங்கள், அங்கே போய் ஈயம் பூச ஆளைத் தேட முடியாது. மண்பானைதான் வேண்டும் என்கிறவர்களுக்கு மானாமதுரைப் பானை இருக்கிறது. ஆனால் அதைப் பெட்டியில் போடாமல் துணியைத் திணித்துக் கையில் கொண்டுபோகணும். அங்கே கண்ணாடித் தட்டு மின்னடுப்பில் வைத்தால் அடி மட்டும் சூடேறி விரிசல் விடும். நான் ஒரு பானையை அப்படித்தான் இழந்தேன். அதனால் பித்தளை.

பானைக்குள்ளேயே காய்ந்த விரலி மஞ்சள், ஏலக்காய், நல்ல மண்டை வெல்லம் ஒரு கிலோ, கோலமாவு கொஞ்சம் வைத்துக்கொள்ளலாம். வெல்லம் அங்கேயும் கிடைக்கிறது, ஆனால் நம்ம பக்கத்து வெல்லத்தின் வாசனை வேறு. கீழமாசி வீதியில் நாலு கடை ஏறி இறங்கினால் நிறம் கறுத்த, கலப்பில்லாத வெல்லம் கிடைக்கும், வெளுத்துப் பளபளவென்று இருப்பதை எடுக்காதீர்கள்.

அங்கே கிடைப்பதை வைத்து

ஜெர்மனியில் ஓரளவு பெரிய ஊர் எல்லாவற்றிலும் ஒரு தமிழ்க் கடை இருக்கும், பெரும்பாலும் ஈழத்தமிழர்கள் நடத்துவது. ஜனவரி முதல் வாரமே போய்ச் சொல்லி வைத்துவிடுங்கள். கரும்பு, மொச்சை, பச்சரிசி, வாழை இலை எல்லாம் சில கடைகளில் பொங்கலுக்கு என்று வரவழைப்பார்கள், சொல்லி வைக்காதவர்களுக்குக் கிடைக்காது. மேலூர்ப் பக்கத்துச் செங்கரும்பை அங்கே எதிர்பார்க்காதீர்கள், பச்சைக் கரும்பு ஒரு முழத் துண்டாகத்தான் வரும், ஆசியக் கடைகளில் சில சமயம் உறையவைத்ததும் இருக்கும். இரண்டு துண்டைப் பானைக்கு இரண்டு பக்கமும் சாய்த்து வைத்தால் போதும். வாழை இலையும் உறையவைத்துத்தான் வரும். அதை வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு எடுத்துத் துடைத்தால் விரியும், அவசரப்பட்டு விரித்தால் கிழிந்துவிடும்.

மஞ்சள் கொத்துக்குப் பதிலாக இயற்கை அங்காடிகளில் விற்கும் பச்சை மஞ்சள் கிழங்கு இருக்கிறது. இலை இருக்காது, கிழங்கை மட்டும் நூலில் கோர்த்துப் பானைக் கழுத்தில் கட்டுங்கள், பக்கத்தில் ஓர் இஞ்சித் துண்டும் கட்டுங்கள். நெய்க்கு அங்கே எந்தக் கடையிலும் 'பட்டர்ஷ்மால்ட்ஸ்' என்று டப்பாவில் இருக்கும், அது நெய்தான், கொஞ்சம் வாசனை குறைவு. இல்லையென்றால் உப்பில்லாத வெண்ணெயை வாங்கி நீங்களே உருக்குங்கள், ஒரு கிலோ வெண்ணெய் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும், வீடு முழுக்க ஊர் வாசனை வரும். பால் 3.5 சதவீதக் கொழுப்புள்ளது வாங்குங்கள், 1.5 என்று போட்டிருப்பது வேண்டாம்.

அரிசியில் பலர் தவறு செய்கிறார்கள். பாஸ்மதி வேண்டவே வேண்டாம், அது குழையாது, வாசனையும் ஒத்துவராது. தமிழ்க் கடைப் பச்சரிசி கிடைக்கவில்லை என்றால் அவர்கள் பால் சோற்றுக்கு வைத்திருக்கிற 'மில்ஷ்ரைஸ்' என்ற உருண்டை அரிசி எந்தக் கடையிலும் இருக்கும். சீக்கிரம் குழையும், தண்ணீரைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் சர்க்கரைப் பொங்கலுக்கு அருமையாக அமையும்.

அடுப்பு, புகை, பக்கத்து வீடு

முற்றத்தில் மூன்று கல் வைத்து, பனை ஓலை வைத்து எரிக்கிறதெல்லாம் அங்கே முடியாது. முதலில் உங்கள் வீட்டு அடுப்பு எந்த வகை என்று பாருங்கள். இன்டக்ஷன் என்றால் பித்தளை, மண், அலுமினியம், செம்பு எதுவும் வேலை செய்யாது, காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் சூடாகும். நாங்கள் இருந்த இரண்டாவது வீட்டில் இன்டக்ஷன்தான். அதற்கு ஒற்றைத் தட்டு மின்னடுப்பு ஒன்று வாங்கிக்கொண்டோம், மேலே இரும்புத் தட்டு மூடியிருக்கிற வகை, கம்பிச்சுருள் வெளியே தெரிகிற வகை வேண்டாம், பால் வழிந்தால் ஆபத்து. அதைப் பெரிய தட்டத்துக்குள் வைத்துத் தரையிலோ பால்கனியிலோ வைத்தால் இன்னொரு வசதி, சுவரோரச் சமையல் மேடையைச் சுற்றிப் பதினைந்து பேர் நிற்க முடியாது, நடு இடத்தில் இருந்தால் வட்டமாக நிற்கலாம், குழந்தைகளுக்கும் தெரியும். ஆனால் ஒரு பெரியவர் அடுப்பை விட்டு நகரக் கூடாது.

பால்கனியில் கரி அடுப்பு வைக்கலாமா என்று எப்போதும் யாராவது கேட்பார்கள். வாடகை ஒப்பந்தத்தில் பல இடங்களில் தடை இருக்கும். அதைவிட முக்கியமானது, குளிருக்குப் பயந்து கரி அடுப்பை உள்ளே கொண்டுவந்துவிடாதீர்கள், ஜன்னல் திறந்திருந்தாலும் கூடாது. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது நிறமும் கிடையாது, மயங்கி விழுந்த பிறகுதான் தெரியும். இதில் விளையாட்டே வேண்டாம்.

புகை எச்சரிக்கைக் கருவி அங்கே எல்லா வீட்டிலும் சட்டப்படி இருக்கும். அதைக் கழற்றி வைக்காதீர்கள். சூடத்தை வீட்டுக்குள் காட்டாமல் பால்கனியில் காட்டுங்கள், சாம்பிராணியை விட்டுவிடுங்கள், தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

மூன்று நாள் முன்னாடியே மாடிப்படி அருகில் ஒரு காகிதம் ஒட்டுங்கள். சனிக்கிழமை எங்கள் அறுவடைத் திருநாள், மதியம் பன்னிரண்டரை மணிக்கு ஐந்து நிமிடம் சத்தம் கேட்கும், விருப்பமானால் நீங்களும் வாருங்கள் என்று. அங்கே எல்லாரும் இப்படி ஒட்டுகிற வழக்கம் உண்டு. மூன்றாவது வருடம் மேல்மாடியில் தனியாக இருந்த ஒரு பாட்டி அந்தக் காகிதத்தைக் கையிலேயே எடுத்துக்கொண்டு வந்தார், அதற்கப்புறம் ஒரு வருடமும் தவறவில்லை.

யாரைக் கூப்பிடுவது, என்ன வேலை கொடுப்பது

தமிழர்களை மட்டும் கூப்பிடாதீர்கள். ஊரில் பொங்கலுக்கு யார் வந்தாலும் ஒரு வாய் பொங்கல் கொடுத்துத்தான் அனுப்புவோம், அங்கேயும் அப்படித்தான். கூப்பிடும்போதே இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள்: பால் பொருள் சாப்பிடுவீர்களா, முந்திரி ஒத்துக்கொள்ளுமா. வீகன் நண்பர்கள் இருந்தால் கொஞ்சம் அரிசியைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்து, நெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெயில் திராட்சையை வறுத்துத் தனியாக வைத்துவிடுங்கள்.

ஜெர்மன்காரர்கள் கண்டிப்பாக "நான் என்ன கொண்டு வரட்டும்?" என்று கேட்பார்கள். ஒன்றும் வேண்டாம் என்று சொன்னால் வைன் பாட்டிலோடு வருவார்கள், பிறகு அதை எங்கே வைப்பது என்று உங்களுக்குச் சங்கடம். நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்தோம்: "ஒரு காய் கொண்டுவாருங்கள், உங்கள் ஊரில் விளைந்த காயாக இருக்கட்டும்." நம்ம பக்கம் பொங்கல் குழம்பே பரங்கிக்காய், அவரைக்காய், மொச்சை, சேனை, சர்க்கரைவள்ளி, வாழைக்காய் என்று இருக்கிற காயெல்லாம் சேர்த்துப் போட்டுக் கொதிக்கவைப்பதுதானே, அதில் இன்னும் நாலு காய் சேர்ந்தால் என்ன? சிவப்புப் பரங்கி வந்தது, உருளை வந்தது, காரட் வந்தது, 'கோல்ராபி' என்று ஒருத்தர் கொண்டுவந்தார், பார்த்தால் நம்ம நூக்கோல். எல்லாம் ஒரே சட்டியில் போயிற்று. ஒவ்வொருத்தரும் தான் கொண்டுவந்த காயைக் குழம்பில் தேடித் தேடிச் சாப்பிட்டார்கள்.

வந்தவர்களைச் சோபாவில் உட்காரவிடாதீர்கள், இதை மட்டும் நான் அழுத்திச் சொல்வேன். முதலில் வருகிற இரண்டு பேருக்குக் கத்தியும் பலகையும் கொடுத்துக் காய் நறுக்கச் சொல்லுங்கள். அடுத்து வருகிறவர்களுக்குக் கோலம். வாசலில் மழையோ பனியோ இருக்கும், அதனால் பெரிய கறுப்பு அட்டைகளை ஒட்டித் தரையில் விரித்துக்கொள்ளுங்கள், அரிசி மாவைக் கரைத்து இழைக்கோலம் போட்டால் கறுப்பில் பளிச்சென்று தெரியும், முடிந்ததும் சுருட்டி எடுத்துவிடலாம், வீட்டுக்காரருக்கும் மனத்தாங்கல் இல்லை. புள்ளி மட்டும் நீங்கள் வைத்துக் கொடுங்கள், கோடு அவர்கள் இழுக்கட்டும். கணக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற ஒருத்தர் ஐந்து புள்ளிச் சிக்குக்கோலத்தில் ஒரு மணி நேரம் மூழ்கிப்போனார், அவரைச் சாப்பிடக் கூப்பிட்டு எழுப்ப வேண்டியிருந்தது.

இன்னும் இரண்டு பேருக்குக் காப்புக் கட்டு. நம்ம பக்கம் பொங்கலுக்கு முந்தின நாள் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ எல்லாம் சேர்த்துக் கட்டிக் கூரையிலும் தொழுவத்திலும் வயலிலும் செருகுவோம். அங்கே அது ஒன்றும் கிடையாது. சிலர் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம் வாங்கி வருவார்கள், எனக்கு அதில் மனசு ஒட்டவில்லை. அந்த மண்ணில் அந்தக் குளிரிலும் எது பச்சையாக நிற்கிறதோ அதைக் கட்டினோம், ஃபிர் மரத்துச் சின்னக் கிளை, ஐவிக் கொடி, கடையில் வாங்கிய மஞ்சள் பூ ஒரு கொத்து. அம்மாவுக்குப் படம் அனுப்பினேன், "எந்த ஊர்ல இருக்கியோ அந்த ஊர்ப் பச்சை" என்று சொல்லிவிட்டாள்.

அந்த ஐந்து நிமிஷம்

இப்போது முக்கியமான இடம். மின்னடுப்பில் குளிர்ந்த தண்ணீரை வைத்துக் கொதிக்கவிட்டால் காத்திருந்து காத்திருந்து கூட்டம் கலைந்துவிடும், யாராவது போனை எடுப்பார்கள். அதனால் தண்ணீரைக் கெட்டிலில் முதலிலேயே கொதிக்கவைத்து ஊற்றுங்கள். அரிசி களைந்த இரண்டாவது தண்ணீர் கொஞ்சம், கெட்டில் தண்ணீர், அப்புறம் ஒரு டம்ளர் பால், இவை சேர்ந்து பானைக் கழுத்து வரை வரணும், முக்கால் பானை என்றால் பொங்காது. வெல்லத்தை இப்போது போடாதீர்கள். சர்க்கரை கலந்த பால் கண்ணாடி அடுப்பில் வழிந்து கருகினால் அந்தத் தடம் போகவே போகாது.

பானையை வைத்ததும் எல்லாரையும் கூப்பிடுங்கள். குழந்தைகள் முன்னால். பொங்கப்போகிற ஐந்து நிமிஷத்தில் இது என்ன திருநாள் என்று சொல்லுங்கள், நீளமாக வேண்டாம். மழைக்கும் மாட்டுக்கும் சூரியனுக்கும் நன்றி, புது அரிசியை முதலில் அவர்களுக்குக் காட்டிவிட்டு நாம் சாப்பிடுவோம், பானை நிறைந்து வழிகிற மாதிரி வருடம் நிறையட்டும், அவ்வளவுதான். 'பொங்கலோ பொங்கல்' என்பதை இரண்டு முறை சொல்லிப் பழக்கிவிடுங்கள், ஜெர்மன் நாக்குக்கு அது சுலபமாகத்தான் வருகிறது, நடுவில் இருக்கிற லோவை மட்டும் நீட்டச் சொல்லுங்கள்.

அப்புறம் குலவை. ஊரில் பானை பொங்கினதும் பொம்பளைகள் எல்லாரும் குலவை போடுவார்கள், அது இல்லாமல் எனக்குப் பொங்கல் பொங்கல் மாதிரியே இருக்காது. ஆனால் அங்கே வந்த சென்னைப் பெண்களுக்குக் குலவை தெரியாது, எனக்குத் தனியாகப் போட வெட்கம். இரண்டாவது வருடம், பானை பொங்கி நுரை ஏறுகிற நேரம், நான் தயங்கித் தயங்கி ஆரம்பித்தேன். எனக்கு எதிரே சிரியாவில் இருந்து வந்த தோழி நின்றிருந்தாள், மொழி வகுப்பில் பழக்கம். என்னைப் பார்த்தாள், வாயைக் கையால் பாதி மறைத்தாள், என்னைவிட இரண்டு மடங்கு சத்தத்தில் நீளமாக ஒரு குலவை போட்டாள். அவர்கள் ஊரில் கல்யாண வீட்டில் பெண்கள் அப்படித்தான் போடுவார்களாம், அதற்கு ஜகாரீத் என்று பேர். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதற்கப்புறம் ஒவ்வொரு வருடமும் குலவையை ஆரம்பிப்பது அவள்தான். உங்கள் நண்பர்களில் அரபுப் பெண்கள், குர்திஷ் பெண்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

பானை எந்தப் பக்கம் வழிந்தது என்று பார்த்து வையுங்கள், ஊரில் கேட்பார்கள். வழிந்ததும் உடனே அடுப்பைக் குறைத்து, ஒரு கரண்டித் தண்ணீரை வெளியே எடுத்து வைத்துக்கொண்டு, அரிசி போடுங்கள். ஒவ்வொருத்தரும் ஒரு கை அரிசி போடட்டும். அதற்கென்று 200 கிராம் அரிசியைக் களைந்து கிண்ணத்தில் வைத்திருங்கள், பதினைந்து பேர் போட்டாலும் பானை தாங்கும்.

மூன்று லிட்டர்ப் பானையில் பதினைந்து பேருக்கு எப்படிக் காணும் என்றால், காணாது. பக்கத்தில் குக்கரில் இன்னொரு 400 கிராம் அரிசியும் 150 கிராம் பாசிப்பருப்பும் வறுத்துப் போட்டு, ஐந்து மடங்கு தண்ணீர் வைத்து, குழைய வேகவைத்திருங்கள். பானை அரிசி வெந்ததும் இரண்டையும் பெரிய சட்டியில் கொட்டிச் சேர்த்துவிடலாம். வெல்லம் 800 கிராம். நம்ம நாக்குக்கு 900 போடலாம், அங்கே உள்ளவர்களுக்குத் திகட்டும். வெல்லத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, அரிசி மசிகிற பதம் வந்த பிறகுதான் ஊற்றணும், முன்னாடியே ஊற்றினால் அரிசி அதோடு நின்றுவிடும், எவ்வளவு நேரம் வைத்தாலும் வேகாது. நெய் 150 கிராம், முந்திரி திராட்சை ஒரு கை, ஏலக்காய் பத்து. ஒரு சிட்டிகை உப்பு. வெண்பொங்கல் வைக்கிறவர்கள் வையுங்கள், நாங்கள் வெறும் பச்சரிசிச் சோறும் அந்தக் காய்க்குழம்பும் வைத்தோம், போதுமானதாக இருந்தது.

சாப்பிட்ட பிறகு

ஜல்லிக்கட்டைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள், மதுரை என்றால் கேட்காமல் விடமாட்டார்கள். ஸ்பெயினில் நடப்பது மாதிரி மாட்டைக் கொல்வது இல்லை, வாடிவாசலில் இருந்து வருகிற காளையின் திமிலை வெறுங்கையால் பிடித்துக் கொஞ்ச தூரம் தாங்கி நிற்பதுதான் என்று சொல்லுங்கள். பொங்கல் அன்றைக்கு அவனியாபுரம், மாட்டுப் பொங்கலுக்குப் பாலமேடு, மறுநாள் அலங்காநல்லூர். ஆட்களுக்கும் மாட்டுக்கும் அடிபடுவதும் உண்டு, அதை மறைக்காதீர்கள். 2014-ல் உச்ச நீதிமன்றம் தடை போட்டது, 2017 ஜனவரியில் மதுரை தமுக்கத்திலும் சென்னை மெரினாவிலும் இளைஞர்கள் ராத்திரி பகலாக உட்கார்ந்தது, 2023-ல் அதே நீதிமன்றம் தமிழ்நாட்டுச் சட்டம் செல்லும் என்று சொன்னது, இது வரைக்கும் சொன்னால் மீதியை அவர்களே யோசித்துக்கொள்வார்கள்.

விளையாட்டுக்கு ஊரில் பொங்கல் விழாவில் வைப்பதே போதும். ஊசியில் நூல் கோர்க்கிற போட்டி, கரண்டியில் எலுமிச்சை வைத்து நடக்கிற போட்டி, மியூசிக்கல் சேர். இடம் வேண்டாம், செலவு வேண்டாம், எண்பது வயதுப் பாட்டியும் ஊசிப் போட்டியில் ஜெயிக்கலாம், ஜெயித்தார்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். கூட்டத்தில் புதிதாகக் கல்யாணமான பெண் யாராவது இருப்பாள். ஊரில் என்றால் முதல் பொங்கலுக்கு அவளுக்குத் தாய் வீட்டில் இருந்து பொங்கல் படி வந்திருக்கும், அரிசி, வெல்லம், கரும்பு, பாத்திரம் என்று. அங்கே யார் கொண்டுபோவார்கள்? எனக்கு முதல் வருடம் கடைக்கார அம்மா, யாழ்ப்பாணத்துக்காரர், ஒரு பையில் பச்சரிசியும் வெல்லமும் ஒரு சின்னச் செம்பும் போட்டுக் கையில் கொடுத்து "அம்மா தூரத்தில இருக்கிறா எண்டு யோசிக்காதேங்கோ பிள்ளை" என்றார். அதற்கப்புறம் ஒவ்வொரு வருடமும் புதுப் பெண் யார் என்று பார்த்து நாங்கள் எல்லாரும் சேர்ந்து வாங்கிக் கொடுத்தோம். இருபது யூரோவுக்குள் முடிகிற விஷயம், அந்தப் பிள்ளை ஊருக்குப் போன் போட்டுச் சொல்லும்போது அவள் அம்மா முகத்தைப் பாருங்கள்.

மிச்சப் பொங்கலை எல்லாருக்கும் டப்பாவில் போட்டுக் கொடுத்துவிடுங்கள். மறுநாள் கெட்டிப்பட்டிருக்கும், கொஞ்சம் பால் ஊற்றிச் சூடுபண்ணச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டு வாசலில் ஒரு கிண்ணம் வைத்துவிட்டு வாருங்கள்.

பாத்திரம் கழுவுவதை வந்தவர்கள் செய்வார்கள், விட்டுவிடுங்கள், பானையை மட்டும் நீங்கள் கழுவுங்கள். புளியும் உப்பும் போட்டு வெளிப்பக்கம் தேய்த்தால் பளபளத்துவிடும், உள்ளே ஈயப் பூச்சில் கம்பி நாரைப் போடாதீர்கள். அடுத்த வருடம் யார் வீட்டில் என்று அன்றைக்கே பேசி முடித்து, பானையை அவர்களிடமே கொடுத்து அனுப்பிவிடுங்கள். பானை வீட்டில் இருந்தால் அவர்கள் மறக்கமாட்டார்கள்.

நாங்கள் மதுரைக்குத் திரும்பியபோது பானையைக் கொண்டுவரவில்லை. அது சிரியாத் தோழி வீட்டில் இருக்கிறது. தை பிறந்து முதல் சனிக்கிழமை இங்கே சாயங்காலம் ஐந்து மணிக்கு, அங்கே மதியம் பன்னிரண்டரை, வீடியோவில் கூப்பிட்டாள். நானும் அம்மாவும் போனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். பானை கிழக்கே வழிந்தது.